குரோய்டன் வானத்தை நீலமாக்கிய நாள்

1. காலையில் வந்த போன்

"தம்பி, யன்னலைத் திறந்து பாத்தீரே?"

பேசியது தவராசா அண்ணை. அன்றைக்கு அவருடைய மகள் ஆரணிக்குக் கலியாணம். படமெடுப்பது நான். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டு அடுப்படியில் நின்று கமரா பற்றரிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். யன்னல் திரையை விலக்கினேன். எதிர்வீட்டுச் சுவர், குப்பை வாளிகள், நிறுத்தியிருந்த கார்கள் எல்லாமே தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறத்தில் கிடந்தன. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தெருவிளக்குகள் இன்னும் இரவென்று நினைத்து எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் படுக்கை உடுப்போடு வாசலில் நின்று, வானத்தைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தன் அண்ணை."

"உம்மட சாமானுகளால ஏதும் செய்ய ஏலுமே?"

"வானத்துக்கோ?"

"படத்துக்குத் தம்பி. வானத்துக்கு நான் கவுன்சிலுக்குப் போன் அடிச்சனான். லைனில நிக்கச் சொல்லிப்போட்டுப் பாட்டுப் போட்டு விட்டிருக்கிறாங்கள். மற்றக் காதில அது இன்னும் பாடுது."

சகாரா பாலைவனத்தில் எழும்பிய புழுதிப் புயல் காற்றில் ஏறி வந்து எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். பயப்பட ஒன்றுமில்லையாம். மூச்சுக் கஷ்டம் உள்ளவர்கள் மட்டும் வீட்டுக்குள் இருந்தால் போதுமாம். கலியாணம் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது விளங்குவதற்கு அது தேவை. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு நிறம் இருக்கிறது. மெழுகுதிரி மஞ்சள், ரியூப் லைற் கொஞ்சம் பச்சை, நிழல் நீலம். எங்கள் கண் அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். கமராவுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் வைட் பலன்ஸ். மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கிறோம் என்று சொன்னால், கமரா அதற்கு ஈடாக நீலத்தைக் கலந்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும். பொய் சொன்னால், அந்தப் பொய்யையும் நம்பி அதன்படியே காட்டும்.

2. வெள்ளைக் குதிரை

மண்டபம் குரோய்டனில். ஒரு காலத்தில் ஸ்னூக்கர் விளையாடிய இடம், ஆகவே ஒரு யன்னல்கூடக் கிடையாது. வீடியோ எடுக்கிற ஜெகன் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து பல வருஷமாக வேலை செய்கிறோம். ஜெகன் அதிகம் பேசாத மனுஷன். அன்றைக்கு வானத்தைக் காட்டி, "என்ர கமராவில பிழை எண்டு நினைச்சு மூண்டு தரம் ரீசெற் பண்ணிப்போட்டன் அண்ணை" என்றார்.

மாப்பிள்ளை கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், இங்கே ஐ.டி. வேலை. அவரை வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் அழைத்துவர வேண்டும் என்பது தவராசா அண்ணையின் ஆசை. வண்டி கார் பார்க்குக்குள் திரும்பியது. குதிரை நல்ல பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது.

தவராசா அண்ணை பட்டுவேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். வண்டிக்காரன் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன்.

"வெள்ளைக் குதிரை எண்டுதானே புக் பண்ணினது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இது வெள்ளைக் குதிரைதான் ஐயா, பிறந்த நாளிலிருந்து வெள்ளை, என்று வண்டிக்காரன் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

"எனக்கு வெள்ளையாத் தெரியேல்லையே."

வண்டிக்காரன் கீழே இறங்கி, ஒரு ஈரத்துணியால் குதிரையின் கழுத்தைத் துடைத்துத் துணியைக் காட்டினான். துணியும் பப்பாளி நிறம். தவராசா அண்ணை துணியைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், தன்னுடைய வேட்டியைக் குனிந்து பார்த்தார். அதுவும் அதே நிறம்.

3. காரிலிருந்து இறங்காத சம்பந்தி

குதிரை வண்டிக்குப் பின்னால் வந்த காரில் மாப்பிள்ளையின் தாய் சரோஜா அம்மா இருந்தார். கணவர் இல்லை. கலியாணத்துக்காக ஊரிலிருந்து தனியாக வந்திருந்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள், மேளக்காரர் வாசித்தார்கள், கார்க் கதவு மட்டும் திறக்கவில்லை.

கார்த்திக் வண்டியிலிருந்து குதித்துப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி பாதி இறங்கியது.

"இந்த வானத்துக்குக் கீழ தாலி கட்ட வேணாம் கண்ணு."

"அம்மா, இது வெறும் தூசிம்மா."

"தூசியோ என்னமோ. ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம். பெரியவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒரு வாரம் தள்ளிவைப்பது என்றால் என்னவென்று லண்டனில் கலியாணம் செய்தவர்களுக்குத் தெரியும். மண்டபம் கிடைக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். உள்ளே சோறு வெந்துகொண்டிருந்தது. ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சனம் வந்து முன்வரிசையில் இருந்துவிட்டது. தவராசா அண்ணையின் முகம் வெளிறிப் போயிருக்க வேண்டும், அந்த வெளிச்சத்தில் அது தெரியவில்லை.

ஐயரைக் கூட்டிவந்தார்கள். எங்கள் ஐயர் பல வருஷமாக லண்டனில் இருப்பவர். வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கார்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"அம்மா, நாள் பாத்தது நான். நல்ல நாள். எனக்குப் பின்னேரம் குட்மேய்ஸில இன்னொரு கலியாணம் கிடக்குது. அங்கையும் இதே வானம்தான். அவை தள்ளி வைக்கேல்லை."

"அவங்க இஷ்டம் அது. எம்பையன் விஷயத்துல நான் பாக்கணுங்களே."

இப்படிக் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் ஒரு இணக்கம் வந்தது. சரோஜா அம்மா உள்ளே வந்து இருப்பார். சடங்குகள் தொடங்கலாம். ஆனால் வானம் வெளுத்தால்தான் தாலி. வெளுத்துவிட்டது என்று யாராவது வந்து சொல்லட்டும், காட்டட்டும்.

"காட்டட்டும்" என்ற சொல்லில் தவராசா அண்ணையின் கண் என் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி லென்ஸைத் துடைத்தேன்.

4. கொஞ்சம் நீலம் போடும்

வடைத் தட்டுகள் அடுக்கியிருந்த சமையலறை மூலைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, உள்ளுக்கை யன்னல் இல்லை."

"ஓம் அண்ணை."

"பெரிய ஸ்கிரீன் கிடக்குது."

"ஓம்."

"ஜெகன்ர கமராவை வாசலில வைச்சா, வானம் அந்த ஸ்கிரீனில தெரியும்தானே?"

"தெரியும். தோடம்பழமாத்தான் தெரியும்."

"அது உம்மட வேலை" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "என்ர பிள்ளை உள்ளுக்கை உடுத்து வெளிக்கிட்டு இருக்குது தம்பி. அழுதா மேக்கப் எல்லாம் போயிடும் எண்டு அழாமல் இருக்குது."

சரி பிழை யோசிக்க நேரமில்லை. ஜெகனின் கமராவை முக்காலியில் பூட்டி வாசலில் வைத்து வானத்துக்குத் திருப்பினோம். வயர் ஸ்கிரீனுக்குப் போனது, ஆனால் படத்தை இன்னும் உள்ளே விடவில்லை. நான் வைட் பலன்ஸைக் கையால் குறைத்துக்கொண்டு வந்தேன். கமராவின் சின்னத் திரையில் வானம் தோடம்பழத்திலிருந்து மாம்பழத்துக்கு வந்தது, பிறகு சாம்பலுக்கு வந்தது. தவராசா அண்ணை என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் நீலம் போடும்."

"இது போதும் அண்ணை. லண்டன் வானம் இப்பிடித்தான் இருக்கும்."

"சம்பந்தி லண்டன் வானத்தை எங்க கண்டவா? போடும்."

போட்டேன். வானம் வெளிர்நீலமானது.

"இன்னும்."

"இதுக்கு மேல போட்டால் மாலைதீவு மாதிரி வரும்."

"வரட்டுமே."

"அண்ணை, இது குரோய்டன்."

ஒத்துக்கொண்டார். படத்தை ஸ்கிரீனுக்கு விட்டோம். மண்டபச் சுவர் முழுக்க ஒரு நல்ல பங்குனி மாதத்துக் காலை விரிந்தது. கத்தரிக்காய் நிறத்தில் ஒரு டபுள் டெக்கர் பஸ் குறுக்கே போனது. ஒருவரும் கவனிக்கவில்லை.

சரோஜா அம்மா எழுந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார்.

"வெளுத்திருச்சுங்களா?"

"வெளுத்திட்டுது" என்று தவராசா அண்ணை சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது ஸ்கிரீனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை. "சரிங்க. ஆகட்டும்" என்றார்.

5. கெட்டிமேளம்

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஐயர் அவசரப்படுத்தினார். ஜெகன் முக்காலியோடும் வயரோடும் கமராவைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு ஓடினார். நான் என் கமராவோடு முன்னால் குந்தினேன். ஐயர் தாலித் தட்டைச் சபைக்குக் காட்ட அனுப்பினார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்தேன்.

சபையிலிருந்து ஒரு சின்னப்பிள்ளையின் குரல் வந்தது. "அம்மா, அவை ஏன் நீலமா இருக்கினம்?"

திரும்பிப் பார்த்தேன். ஜெகன் கமராவில் வெளிவானத்துக்கு வைத்த வைட் பலன்ஸை மாற்றவில்லை. சுவரளவு ஸ்கிரீனில் மாப்பிள்ளை நீலம், பொம்பிளை நீலம், ஐயர் நீலம், ஓமத்தீ ஊதா. முன்வரிசையில் ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா கண்ணில் நீரோடு, "அப்பிடியே கிருஷ்ணரும் ருக்மணியும்" என்று கைகூப்பிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் கூப்பினார்கள். சனம் இதை ஏதோ புது லைட்டிங் என்று நினைத்தது.

சரோஜா அம்மா அப்படி நினைக்கவில்லை. அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். மணவறையில் நல்ல மாநிறமாக உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். திரும்ப ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மனுஷியின் மூளை வேலை செய்வதை நான் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"தம்பி!" என்றார். "எம்பையன் அதுல நீலமா இருக்கான். அப்ப வானம்?"

அந்த நேரம் பார்த்து ஐயர் கையை உயர்த்தினார்.

கெட்டிமேளம் எதற்காக வைத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சரோஜா அம்மாவின் வாய் அசைந்தது, கை அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. தவிலும் நாதஸ்வரமும் மண்டபத்தைத் தூக்கிக்கொண்டு போயின. கார்த்திக் தாலியைக் கட்டினார். பூவும் அட்சதையும் பறந்தன. நான் ஷட்டரை அமத்தியபடி இருந்தேன், தொழில் அது. கமராவைக் கீழே இறக்கியபோது சரோஜா அம்மா தன் இடத்தில் இல்லை. அட்சதையைப் போடாமல், பொத்திய கையோடு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

தவராசா அண்ணை மணவறையை விட்டு அசைய முடியாது. "ஓடும் தம்பி" என்று கண்ணால் சொன்னார்.

6. கார் பார்க்கில்

வெளியே இன்னும் மோசமாக இருந்தது. வானம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. கார்கள் லைற் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. சரோஜா அம்மா கார் பார்க்கின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏச்சு விழும் என்று எதிர்பார்த்துப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான்தான் அந்தக் கலரை மாத்தினது."

"இது நெசமாவே எங்கிருந்து வந்துச்சுங்க தம்பி?"

"சகாராவில இருந்து. பாலைவனத்து மண். ஆப்பிரிக்கா."

"ஆப்பிரிக்காவுல இருந்து இவ்வளவு தூரமா?"

"ஓம் அம்மா."

"இதுக்கு விசா கேக்கலீங்களா?"

பகிடி என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கண்ணனுக்கு விசா குடுக்கல. அவருதான் இவனைப் படிக்க வெச்சாரு. இவங்கப்பா போனதுக்கு அப்புறம் எல்லாமே அவருதான். தாய்மாமன் நிக்க வேண்டிய எடத்துல அங்க ஒருத்தரை நிக்க வெச்சிருக்காங்க. நல்ல மனுஷன்தான், பேருகூட எனக்குத் தெரியாது. மறுபடியும் எழுதிப் போட்டிருக்கோம். ஒரு வாரம் தள்ளிப்போனா ஏதாவது நடக்கும்னு நெனச்சேன். வானம் இப்படி ஆனதும், சாமியே ஒரு சாக்கு குடுத்திருச்சுன்னு நெனச்சேன்."

அவர் பொத்திய கையைத் திறந்து பார்த்தார். அட்சதை வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது.

எனக்கும் குரோய்டனுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அகதியாக வந்த காலத்தில் இந்த ஊர்க் குடிவரவு அலுவலகத்தில்தான் வரிசையில் நின்று, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "அம்மா, உங்கட அண்ணைக்கு வீடியோ கோல் எடுங்கோ. இப்பவே எடுங்கோ" என்றேன்.

எடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு வெள்ளைமீசைக்காரர் புதுச்சட்டை போட்டு, நெற்றியில் திருநீற்றோடு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அப்படி உட்கார்ந்திருக்கிறார் போல.

"கட்டியாச்சா சரோ?"

"கட்டியாச்சுண்ணா. வானத்தைப் பாருண்ணா, எப்படி இருக்குன்னு பாரு!"

போனை மேலே திருப்பினார்.

"சும்மா மேகமூட்டமாத்தானே இருக்கு."

போனில் பார்த்தேன். வானம் சாதாரணச் சாம்பல். இந்தக் காலத்துப் போன்கள் ஒருவரையும் கேட்காமலே நிறத்தைத் திருத்திவிடும். நான் பாடுபட்டுச் செய்த பொய்யை அது தன்பாட்டில் செய்துகொண்டிருந்தது.

"இல்லண்ணா, ஆரஞ்சு! நல்ல ஆரஞ்சு! குங்குமம் கொட்டுன மாதிரி!"

"வயசாயிருச்சு சரோ உனக்கு. கண்ணைக் காமி டாக்டர்கிட்ட."

சரோஜா அம்மாவுக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க வராத கோபம். "தம்பி, இதைச் சரி பண்ணுங்க. எங்கண்ணனுக்கு ஆரஞ்சு தெரியணும். நீங்கதானே கலரு மாத்துறவரு?"

காலையில் இதே வானத்தை வெளுக்கச் சொன்ன மனுஷி! என் கமராவின் வைட் பலன்ஸை வெயில் வெளிச்சத்துக்கு வைத்து, வானத்தை உள்ளபடி ஒரு படம் எடுத்து, பின்பக்கத் திரையைப் போனுக்கு முன்னால் பிடித்தேன்.

"அடேயப்பா!" என்றார் வெள்ளைமீசைக்காரர். கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன சரோ, வானமே காவி கட்டிக்கிட்டு வந்திருக்கு நம்ம பையன் கல்யாணத்துக்கு!"

அதற்குள் தாயைத் தேடிக் கார்த்திக்கும் ஆரணியும் மாலையோடு வெளியே வந்தார்கள். பின்னால் தவராசா அண்ணை, ஐயர், மேளக்காரர், பாதிச் சபை. எல்லோரும் வாசலில் வந்து அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் தார்த் தரையில் போனுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். மாமன் போனுக்குள் கையை உயர்த்தி ஏதோ சொன்னார், சத்தம் விட்டு விட்டு வந்தது. சரோஜா அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு, ஒட்டிப்போன அட்சதையை விரலால் பிரித்துப் பிரித்து இருவர் தலையிலும் போட்டார்.

தவராசா அண்ணை சம்பந்திக்கு முன்னால் வந்து நின்றார். "சம்பந்தியம்மா, நான் செய்தது..."

"வுடுங்க சம்பந்தி. இன்னும் கொஞ்சம் நீலம் கம்மியா வெச்சிருந்தா நானும் நம்பியிருப்பேன்."

நான் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படமெடுத்தேன்.

7. இரண்டு அல்பம்

அல்பம் செய்யும் வேலை தொடங்கியபோது தவராசா அண்ணை வந்து பக்கத்தில் இருந்தார். "தம்பி, வெளியில எடுத்ததெல்லாம் நோர்மலா இருக்க வேணும். பாக்கிற சனம் ஏதோ நெருப்புப் பிடிச்ச இடத்தில கலியாணம் வைச்சதெண்டு நினைக்கும்."

அடுத்த நாள் கோயம்புத்தூரிலிருந்து சரோஜா அம்மா கூப்பிட்டார். "ஊருல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க தம்பி. ஒரு துளி கலர் கொறையக் கூடாது. அண்ணன் தெனமும் கேக்கறாரு."

ஆகவே ஒரே கலியாணத்துக்கு இரண்டு அல்பம் அடித்தேன். தவராசா அண்ணையின் அல்பத்தில் குதிரை வெள்ளை. கோயம்புத்தூர் அல்பத்தில் அது பப்பாளி. இரண்டு வீட்டாரும், "உள்ளது உள்ளபடி வந்திருக்கு" என்று எனக்கு நன்றி சொன்னார்கள்.

பிறகொரு நாள் ஆரணி கேட்டாள். "அண்ணை, உண்மையா அண்டைக்கு என்ன கலர்? எனக்கு ஞாபகம் வருதில்லை. என்ர போனில பாத்தால் சாம்பலாக் கிடக்கு." நான் யோசித்துப் பார்த்தேன். இரண்டு அல்பத்துக்கும் மாறி மாறித் திருத்தியதில் எனக்கும் மறந்துவிட்டது. அங்கே நின்ற எல்லோரிலும் நிறத்தைப் பார்ப்பதற்கென்று போனவன் நான் ஒருவன்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இவ்வளவும்தான். கதவைத் தாண்டும் ஒவ்வொரு தரமும் வைட் பலன்ஸைப் பாருங்கள். போனை நம்பாதீர்கள். படத்தைத் திருத்தத் தொடங்குவதற்கு முன்னால், கலியாண வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்டைக்கு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசித்துப் பதில் சொல்வார்கள்.

போன மாதம் ஒரு மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருடைய கலியாணத்தன்று விடிந்ததிலிருந்து அடைமழை, என் சப்பாத்து இரண்டு நாள் காயவில்லை.

"நல்ல வெயில் அண்ணை" என்றார்.

வெயில் போட்டுக் கொடுத்தேன்.